சாமியாகிப் போன சுமைதாங்கி

சாலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஜல்லி எத்தனை அங்குலம், தார் எந்தச் சூடு என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் இருந்ததைவிட இப்போது தடிமனாகவும் இருக்கிறது. ஆனால் நீங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகும்போது, அதில் இல்லாத ஒரு கல் வழியில் நிற்கும். அதை என்ன செய்வது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அப்படி ஒரு கல்லிடம் நான் மாட்டிக்கொண்டு முழித்ததைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல் பக்கத்தில் ஓவர்சியர். வயது இருபத்தேழு. தலையில் தக்கைத் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் டேப். அந்த டேப்பை நான் சட்டைப்பையில் வைத்ததே இல்லை, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில்தான் பிடித்திருப்பேன். அந்த வயதில் அப்படித்தான்.

அந்தச் சமவெளியில் சாலையோரம் கல் இல்லாத ஊரைப் பார்ப்பது கடினம். ஓர் இடத்தில் மஞ்சுவிரட்டில் யாருக்கும் பிடிபடாமல் செத்த காளைக்கு ஒரு கல். அதைத் தாண்டும்போது வண்டிக்காரர்கள் தங்கள் மாட்டைத் தட்டி, "பாத்துக்க, இவனும் மாடுதான், நீயும் மாடுதான்" என்பார்கள். இன்னோர் இடத்தில், பிரேக் பிடிக்காத பஸ்ஸை வயலில் இறக்கி அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டுத் தான் மட்டும் போய்ச் சேர்ந்த டிரைவருக்கு ஒரு கல். அங்கே எல்லா பஸ்ஸும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். மேலதிகாரிகளுக்கு அந்தச் சத்தம் எரிச்சல். எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நிறைய நின்றவை சுமைதாங்கிகள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு கல் தூண், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் சுமையை அதன் மேல் சரித்து வைக்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது. அவள் தன் சுமையை இறக்காமலேயே போய்விட்டாள். வழியில் போகிற ஒவ்வொருவரும் அந்தக் கல்லில் சுமையை இறக்கும்போது, அவளுக்கும் கொஞ்சம் இறங்குகிறது என்பது நம்பிக்கை.

சித்தையன்கோட்டைப் பக்கமிருந்து நிலக்கோட்டைக்குப் போகும் சாலையை அகலப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. பாதி வழியில், ஒரு புளியமரத்தடியில், சரியாக என் வரைபடக் கோட்டின் மேல் ஒரு சுமைதாங்கி நின்றது. அதை நட்டவர் வீரணன் என்ற விவசாயி. பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் மனைவி பொன்னுத்தாயி இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் சண்டையே போடவில்லை.

"நாலடி தள்ளி வைங்கய்யா. நாலடிக்கெல்லாம் அவ கோவிச்சுக்க மாட்டா. ஆனா ஒண்ணு, கல்லு சும்மா நிக்கக்கூடாது. போற வார சனம் சுமையை இறக்கணும்" என்றார்.

"அதெல்லாம் ஜோராக வைத்துத் தருகிறேன்" என்றேன். அந்த 'ஜோராக' என்ற சொல்லில்தான் எல்லா வினையும் இருந்தது.

கல்லைப் பெயர்ப்பதற்கு முந்தின நாள் எங்கள் நீராவி ரோலர் அதற்கு நேர் எதிரே நின்றுவிட்டது. காரணம் ரொம்பச் சாதாரணம். தண்ணீர் வண்டி வரவில்லை, தண்ணீர் இல்லாமல் பாய்லர் எப்படி ஓடும்? ரோலர் டிரைவர் மரியதாசு நெருப்பை அணைத்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எங்கள் கூலிகள் வழக்கப்படி கல்லுக்குச் சூடம் காட்டிவிட்டுப் பெயர்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வண்டியும் வந்து சேர்ந்தது. நெருப்பு மூட்டி, நீராவி ஏறியதும் ரோலர் புஸ்ஸென்று கிளம்பியது. சூடம் ஏற்றியதைப் பார்த்த ஊர்க்கண்ணுக்குத் தண்ணீர் வண்டி மட்டும் தெரியவே இல்லை.

நான் என் பங்குக்கு, சின்னப் பாலத்துக்கு வந்த சிமெண்டில் மிஞ்சியதை எடுத்து, சாலையோர வாய்க்காலுக்கு அந்தப்புறம் மேட்டில் மூன்று படி வைத்து ஒரு பீடம் கட்டினேன். தாரை ஒட்டிய மண் ஓரத்தில் எதுவும் நிற்கக்கூடாது என்பது விதி. அதனால் வாய்க்காலுக்கு அப்பால். பீடத்தின் மேல் சுமைதாங்கியை நிறுத்தி, மைல்கல் மாதிரி வெள்ளையும் அடித்தேன். தூர நின்று பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் சுமைதாங்கி பிடித்தேன், அது சாமியாய் முடிந்தது.

முதல் வாரம் யாரோ குங்குமம் வைத்தார்கள். அடுத்த வாரம் மஞ்சள் கயிறு. அதற்குள் கதையும் வந்துவிட்டது. பொன்னுத்தாயி ரோலரை மறித்து நின்றாள், ஓவர்சியர் கனவில் போய்ப் பீடம் கேட்டாள், அவர் பயந்துபோய்க் கட்டிக் கொடுத்தார். சாலையில் போகிற பெண்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு வீட்டில் மோர், இன்னொரு வீட்டில் தேங்காய். "கனவுல என்ன புடவை கட்டியிருந்தா?" என்று ஒரு அம்மா கேட்டபோது, 'கனவே வரவில்லை அம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் மோரைக் குடித்துவிட்டுப் புன்னகை செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடியே கெட்டேன். தம்பிகளே, வேலையில் செய்கிற தப்பைவிட, யாராவது தப்பாகப் புகழும்போது சும்மா இருக்கிற தப்பு பெரியது.

மரியதாசுக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், தண்ணி வரலைன்னு நான் கரடியா கத்துறேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நான் மாதா கோயிலுக்குப் போனா சாமியாரே கேக்குறாரு, நெசமாவா மரியதாசுன்னு" என்று அலுத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தில் ஒன்று நடக்காமல் நின்றுபோயிருந்தது. ஒருவரும் அதில் சுமையை இறக்கவில்லை. சுமையோடு வாய்க்காலைத் தாண்டி மூன்று படி ஏறுவது ஒரு கஷ்டம். அதைவிட, சாமி தலையில் யார் கூடையை வைப்பார்கள்?

ஒரே ஒருவர் வைத்தார். நிலத்து வேலை முடிந்ததும் வீரணன் தினமும் ஒரு சோளத்தட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மைல் நடந்து வருவார். வாய்க்காலைத் தாண்டுவார், படி ஏறுவார், கட்டை இறக்கி வைப்பார். கொஞ்சம் நின்றுவிட்டு அதே கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போவார். வேறு எங்கும் கொண்டுபோவதற்கான கட்டு இல்லை அது. நான் சைக்கிளில் போகும்போது இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஏதோ மாட்டுத் தீவனம் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். கண் இருந்து என்ன செய்ய?

ஒரு நாள் சாயங்காலம் அங்கே கூச்சல் கேட்டது. சைக்கிளை நிறுத்தினேன். காய்கறிக் கூடை சுமந்து நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் வெள்ளையம்மா, வீரணனின் தட்டைக் கட்டைக் கீழே தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். ஐம்பது வயது, வாயைத் திறந்தால் சாலை முழுக்கக் கேட்கும். அவர் மகள் அப்போது ஏழு மாதம். நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று அந்தக் கல்லுக்கு நேர்ந்துகொண்டிருந்தார்.

"சாமி தலையில மாட்டுத் தட்டையைக் கொண்டாந்து வைக்கிறியே, உனக்கு அறிவு இருக்கா? எம்மக பிள்ளைத்தாச்சியா இருக்கா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து நிப்ப?"

வீரணன் மெதுவாக, "அது எம்பொண்டாட்டி கல்லுத்தா" என்றார்.

"அது அப்ப. இப்ப அவ ஊருக்கே தாயி. உனக்கு மட்டும் சொந்தமா?"

வீரணன் அவிழ்ந்த தட்டையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தார். என் முன்னால் நின்று, "நான் உங்ககிட்ட ஒண்ணுதானய்யா கேட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதே வாரம் இரண்டு சேதி வந்தது. ஒன்று, ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைத்து, கல்லுக்குக் கொட்டகை போடப் போகிறார்கள். இரண்டு, அதற்கு மறுநாள் சனிக்கிழமை எங்கள் டிவிஷனல் இன்ஜினியர் சாலையைப் பார்வையிட வருகிறார். சாலையோரம் புதுக் கோயில் முளைப்பதைப்போல நம் வேலையில் ஒரு வயிற்றுவலி கிடையாது. அதுவும் நம் சிமெண்டிலேயே முளைத்தால்? பீடத்தை இடித்தால் ஊர் என்னை இடிக்கும். விட்டால் இன்ஜினியர் என் சீட்டைக் கிழிப்பார். போலீசை வைத்து எடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அந்த நண்பருக்கு வேலையில் எப்போதும் நல்ல பெயர். எந்தச் சாலையிலும் அவரால் இரண்டாம் முறை போக முடியாது என்பது வேறு விஷயம்.

இரண்டு நாள் யோசித்தேன். பொய்யை வளர்த்தது என் மௌனம். அதனால் வாயைத் திறப்பது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். பொங்கல் பானைகள் வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தன, கொட்டகைக்கு மூங்கில் வந்திறங்கியிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பீடத்துப் படியில் நின்று சொன்னேன். கனவு எதுவும் வரவில்லை. ரோலர் நின்றது தண்ணீர் இல்லாமல். பீடம் கட்டியது என் புத்தி, அழகாக இருக்கும் என்று கட்டினேன். நீங்கள் கும்பிட்டபோது பேசாமல் இருந்தது என் தப்பு. மரியதாசும் பக்கத்தில் நின்று, "சத்தியமா தண்ணிதாங்க" என்றார்.

எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, "வெளிய சொல்லக்கூடாதுன்னு தாயி உத்தரவு போட்டிருக்கா. பாவம், ஓவர்சியரய்யா என்ன செய்வாரு" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உண்மையைச் சொன்னால் மதிப்புப் போகும் என்று பயந்து போனவனுக்கு மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் வீரணன் தட்டைக் கட்டோடு வந்தார். அன்றைக்கு அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையம்மா கையை விரித்துப் படியை மறித்தார்.

"இன்னைக்குமா? நல்ல நாள்லயுமா?"

வீரணன் கட்டை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே பேசினார். அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஆத்தா, நீ தினமும் சுமக்கிறவ. உனக்குத்தான் புரியும், கேளு. அவளுக்கு எட்டு மாசம். வெறகுக் கட்டோட வந்தா. பாதி வழியில வந்து நான் மாத்திக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்குக் கெணத்துல கமலை எறைப்பு எம்முறை. விட்டுட்டு வர மனசில்லாம இருந்துட்டேன். இந்தப் புளியமரத்தடியில வந்து நின்னிருக்கா. இறக்கினா மறுபடி தூக்கிவிட ஆளில்ல, வயித்தோட குனியவும் முடியல. கட்டைத் தலையில வச்சுக்கிட்டே நின்னிருக்கா. நான் வருவேன் வருவேன்னு வெயில் சாயிற வரைக்கும் நின்னிருக்கா. அப்புறம் அவளே சுமந்துக்கிட்டு வீடு வந்துட்டா. ராத்திரியே வலி எடுத்துருச்சு. மூணாம் நாளு போயிட்டா."

கட்டு அவர் தலையில் ஆடியது. கையால் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்குப் பொங்கல் வைங்க, நான் வேணாங்கல. ஆனா அவ பொங்கலுக்கு நிக்கலத்தா. யாராச்சும் வந்து சுமையை இறக்குவாங்கன்னு நின்னா. நீங்க அவளை இன்னும் நிக்க வச்சிருக்கீங்க."

வெள்ளையம்மாவின் கை தானாகத் தன் பிடரிக்குப் போனது. பன்னிரண்டு வயதிலிருந்து கூடை சுமந்து காய்த்துப்போன பிடரி அது. சாலை விதி எனக்கும், கனவு ஊருக்கும் விளங்கியிருக்கலாம். இறக்க இடமில்லாமல் நிற்பது என்ன என்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் தெரியும்.

"அட பாவிகளா" என்றார். யாரை என்று தெரியவில்லை, எல்லோரையும்தான். "எம்மகளுக்காகக் கும்பிடுறேன்னு ஒரு பிள்ளைத்தாச்சிய சுமையோட நிக்க வச்சிருக்கேனே." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீரு? கடப்பாரையை எடுக்கச் சொல்லும்."

ஊர் மொத்தமும் முன்னால் நின்று இடித்த ஒரே பீடம் என் அனுபவத்தில் அதுதான். சுமைதாங்கியைச் சாலையோரத்துக்கே கொண்டுவந்தோம், மண் ஓரத்தில், விதிக்கு நேர் விரோதமாக. எத்தனை அடி உயரம் என்று டேப்பை நீட்டினேன். வெள்ளையம்மா டேப்பை ஒதுக்கிவிட்டு, தூண் பக்கத்தில் வந்து நின்று, தன் தோள் மட்டத்துக்குக் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். "இம்புட்டுதான். இதுக்கு மேல போனா எக்கணும், கீழ போனா குனியணும்." அந்தக் கோட்டுக்குக் கல் நின்றது. பொங்கலை எல்லோரும் சாப்பிட்டோம். மரியதாசு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கொட்டகை மூங்கில் வந்த வழியே திரும்பிப் போனது.

மறுநாள் காலை இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். நான் நினைத்த மாதிரியே கல்லுக்கு நேராக ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"இது ஏன் மண் ஓரத்தில் இருக்கிறது?"

ராத்திரி முழுக்க உருப்போட்ட பதில் ஒன்று என்னிடம் இருந்தது. பீடம், சிமெண்ட், ரோலர் எல்லாம் வரிசையாக வரும். வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மா கத்தரிக்காய்க் கூடையோடு வந்தார். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு கல்லின் பக்கம் போனார். நின்றார். சாமியாக இருந்த கல், முந்தின நாள் குங்குமம் இன்னும் போகவில்லை. ஒரு நொடி தயங்கினார். பிறகு, "தாயி, செத்த நேரம் பிடிச்சுக்க" என்று சொல்லிக் கூடையைச் சரித்து அதன் மேல் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியரைப் பார்த்து, "ஏய்யா, வண்டியைச் செத்த தள்ளி நிறுத்துங்க. பின்னால ஆள் வருதுல்ல" என்றார்.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "தள்ளி நிறுத்தப்பா" என்றார். அதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. பீடத்துச் சிமெண்டைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தேன், அதற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. தகுதியான கடிதம்தான். வெள்ளையம்மா மகளுக்கும் பிரசவம் நல்லபடி ஆனது. அது பொங்கலாலா, பீடத்தை இடித்ததாலா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீரணன் தட்டைக் கட்டோடு வந்தார். கல்லின் மேல் ஒரு பூக்கூடை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருத்தி நகர்வதற்குள் இன்னொருத்தி கீரைக் கூடையை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். சந்தையிலிருந்து எல்லோரும் மிச்சச் சரக்கோடு திரும்புகிற நேரம். வீரணன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இடம் கிடைக்கவில்லை. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கட்டை இறக்காமலே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை வரவேற்றார்.

"ஏன் நீங்கள் அந்தப் பக்கமே வரவில்லை?" என்று கேட்டேன்.

"இனிமே நான் போகலைன்னாலும் அவ நிக்க வேண்டியதில்லீங்கய்யா" என்றார்.